இருட்டிலும் சூட்டைப் பிடிக்கும் 'குட்டி கண்': குளிரூட்டவே வேண்டாம்!

புகைக்குள் சிக்கியவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆனால் அவர் உடம்புச் சூடு அகச்சிவப்புக் கதிராக வந்துகொண்டே இருக்கும். அதை நுட்பமாகப் பிடிக்கும் கேமராக்கள் பலவற்றைக் கடுமையாகக் குளிரூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கருவியின் சொந்தச் சூடே குழப்பிவிடும்.

இந்தத் தொல்லைக்கு 2014-ல் வழி காட்டினர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள்.

பென்சில் முனையில் இருக்கும் கிராபைட்டின் ஒரே ஒரு அடுக்குதான் 'கிராபீன்'. ஒரு அணு தடிமன்! அதில் படும் ஒளியில் 2.3 சதவீதத்தைத்தான் அது உறிஞ்சும். அது போதாதே? அதனால் இரண்டு அடுக்கு வைத்து, நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் கொடுத்தார்கள்.

கதிர் பட்டதும் மேல் அடுக்கின் எலக்ட்ரான்கள் கீழே தாவும். உடனே கீழ் அடுக்கில் ஓடும் கரண்ட் நன்றாகவே மாறும். அதை அளந்தால் கதிரின் அளவு தெரிந்துவிடும். எல்லாம் சாதாரண அறை வெப்பத்திலேயே!

சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இதை செல்போனில், ஏன், கான்டாக்ட் லென்சில்கூட வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. தீயணைப்பு வீரர் கைக்கு வந்தால் உயிர் காக்கும்.