வீட்டுக் கல்வியில் அட்சரகணிதம்: இரு பாடநெறிகளின் இணைப்பு

எண்கணிதத்திலே தேர்ச்சி பெற்ற சிறுவன், அட்சரகணிதத்துட் புகும்போதே தெரியாத கணியமொன்றைத் தெரிந்ததுபோல வைத்துக் கையாளப் பழகுகின்றான். அவ்வாயிலிலே தடுக்கி வீழ்ந்தவன் பின்னர்ப் பௌதிகத்திலும் உயர்கணிதத்திலும் தடுமாறுவது ஆசிரியர் அறிந்ததே. பாடசாலையிலே அத்தடுமாற்றத்தைக் கண்டு திருத்துதற்கு ஆசிரியர் உளர். வீட்டிலே கற்கும் பிள்ளைக்கோ பெற்றோரும் பாடநூலுமே துணை. ஆதலின், வீட்டுக் கல்வியில் நூலைத் தெரிந்தெடுத்தல் பெரும் பொறுப்பாகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 1993ஆம் ஆண்டளவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டபூர்வமாயிற்று. மாநிலந்தோறும் விதிகள் வேறுபடினும், பாடநூலைத் தெரியும் உரிமை பெரும்பாலும் பெற்றோருடையதே. ஒரு நூலின் குறையை மற்றொன்றால் நிரப்பக் கருதி, இரு பாடநெறிகளை ஒருங்கே கையாள்வோரும் அங்கு உளர். அங்கு வழங்கும் நூல்களுள் இயல்பால் வேறுபட்ட இரண்டை நோக்கின், இவ்விணைப்பின் நன்மையும் இடரும் விளங்கும்.

முதலாவது, ஜோன் சக்சன் இயற்றியது. விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று, ஒக்லஹோமா மாநிலத்திலே கல்லூரியொன்றில் அட்சரகணிதம் கற்பித்த அவர், 1980களின் தொடக்கத்தில் இந்நூலை வெளியிட்டார். இதில் ஒவ்வொரு பாடமும் சிறு கருத்தொன்றையே புதிதாகப் புகுத்தும்; பயிற்சியிலுள்ள கணக்குகளுட் பெரும்பாலானவை முன்னைய பாடங்களை மீட்பனவாகும். இரண்டாவது, றிச்சட் றஸ்சிக் எழுதி 2007இல் வெளிவந்த, ‘ஆட் ஒவ் புறொப்ளம் சோல்விங்’ வரிசையைச் சேர்ந்த அட்சரகணித அறிமுக நூல். இது வினாவை முன்னே நிறுத்தி, மாணவன் தானே வழி தேடிய பின்னரே விளக்கத்தை விரித்துரைக்கும். முன்னது கையைப் பழக்குவது. பின்னது கருத்தைத் தூண்டுவது.

இவ்விரண்டும் வேண்டப்படுதலின் காரணத்தைப் பழைய கணக்கொன்று காட்டும். ஒரு கணியத்தின் வர்க்கமும் அக்கணியத்தின் 10 மடங்கும் சேர்ந்து 39 ஆயின், அக்கணியம் யாது? ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எடுத்தாண்ட கணக்கு இது. விதியாற் செய்பவன், 10இன் பாதியாகிய 5ஐ வர்க்கித்து, 25ஐ இருபுறமும் கூட்டுவான். ஒருபுறம் கணியத்தோடு 5 கூட்டியதன் வர்க்கமும், மறுபுறம் 64உம் அமையும். 64இன் வர்க்கமூலம் 8. அதிலே 5ஐக் கழிக்க 3 விடையாகும். 25ஐ ஏன் கூட்டினாய் என வினவின், அவன் வாளாவிருத்தலுங் கூடும்.

படம் வரைபவனோ, அக்கணியத்தைப் பக்கமாகவுடைய சதுரத்தை வரைந்து, அதன் அடுத்துள்ள இரு பக்கங்களிலும் அகலம் 5 உடைய செவ்வகம் ஒவ்வொன்றை ஒட்டுவான். மூலையிலே பக்கம் 5 உடைய சதுர வெற்றிடம் தோன்றும். அதனை நிரப்பும் பரப்பே விதி கூறிய 25. எனினும், நீளம் மறைப் பெறுமானம் பெறாமையால் அப்படம் 3ஐ மட்டுமே தரும். 64க்கு −8 என்னும் மூலமும் உண்டென விதியைப் பயின்றவனே −13 என்னும் மற்றை விடையையும் காண்பான். காரணம் ஒன்றினிடத்தும், விடையின் முழுமை மற்றொன்றினிடத்தும் அமைந்து கிடக்கின்றன.

இது கருதி, இரு நூல்களையும் நாள்தோறும் முழுமையாகச் செய்வித்தல் தகாது. நீண்ட பயிற்சியை முடித்துக் களைத்தவனிடம் ஆழ்ந்த சிந்தனை வேண்டும் வினாவை நீட்டின், அவன் அட்சரகணிதத்தையே வெறுப்பான். பாட வரிசையும் வேறு. சக்சன் ஒரு பொருளைப் பல பாடங்களிற் சிறிது சிறிதாகப் பரப்புவார். மற்றையது அதனை அதிகாரமாகத் திரட்டித் தரும். ஆதலின் ஒன்றிற் கல்லாததைக் கற்றதாக மற்றொன்று கொள்ளும். மேலும், சக்சனின் அட்சரகணித நூல்களிலே கேத்திரகணிதமும் இடையிடையே கலந்து வருதலின், அவற்றை இடைவழியிற் கைவிடின் அப்பகுதி விடுபட்டுப்போம்.

எனவே, ஒன்று தலைமை நூலாகவும் மற்றொன்று துணைநூலாகவும் அமைதல் வேண்டும். பாட வரிசையும் பரீட்சையும் தலைமை நூலுக்கே உரியன. துணைநூலின் அதிகாரமொன்று, அதற்கு வேண்டிய கருத்துகள் தலைமை நூலிற் கற்று முடிந்த பின்னரே திறக்கப்படல் வேண்டும். சக்சன் தலைமையாயின், வாரத்தில் நான்கு நாள் அதற்கும், ஒரு நாள் துணைநூலின் சில வினாக்களுக்கும் ஒதுக்கலாம். மற்றையது தலைமையாயின், சக்சனின் கலப்புப் பயிற்சியிலிருந்து நாளொன்றுக்கு ஆறேழு கணக்குகள் மீட்டலுக்கு அமையும். ஒரே முறைக்கு இரு நூல்களும் வெவ்வேறு பெயர் வழங்குமிடத்து, இரண்டும் ஒன்றே எனப் பெற்றோர் காட்டுதல் வேண்டும். இன்றேல் பிள்ளை ஒன்றையே இரண்டாக மனனஞ் செய்யும்.

எதனைத் தலைமையாகக் கொள்வதென்பதை மாணவனின் நிலையே தீர்மானிக்கும். அடைப்பை நீக்கும்போது குறிகளை அடிக்கடி பிழைவிடுபவனுக்குச் சக்சன் பொருந்தும். பிழையின்றிச் செய்தும் சலிப்படைபவனுக்கு மற்றையது பொருந்தும். இணைப்புப் பயன் தந்ததோ என்பதை அறிய அளவுகோல்கள் இரண்டு உள. தான் செய்த ஒவ்வொரு படிக்கும் காரணத்தைப் பிள்ளை தன் சொல்லாற் கூறவல்லதா என்பது ஒன்று. ஒரு மாதத்துக்கு முன் கற்றதை நூலைப் பாராது செய்யவல்லதா என்பது மற்றொன்று. முன்னதிலே தவறின் விளக்கமும், பின்னதிலே தவறின் பயிற்சியும் கூட்டப்படல் வேண்டும். வகுப்பறையிலே பலரை ஒருங்கு நோக்கும் ஆசிரியருக்கும் இவ்விரு அளவுகோல்களும் பொருந்துவனவே.