ஆன்லைன் படிப்பும் ஆசிரியர் வேலையும்: நம் வீடுகளில் என்ன மாறுகிறது?

கல்வி உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களை முன்பெல்லாம் பார்த்தவுடன் வகை பிரித்துவிடலாம். பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம், கல்லூரி சேர்க்கைக்கு முன்பணம். சில ஆண்டுகளாக வேறு மாதிரியான விண்ணப்பங்களும் வருகின்றன. அண்மையில் ஒரே வாரத்தில் வந்த இரண்டைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

ஒன்று, உக்கடம் பகுதியில் பழைய இரும்புக் கடையில் வேலை செய்யும் ஒரு தகப்பனாருடையது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனுக்காக மாதத் தவணையில் ஓர் ஆன்லைன் பாடத்தை வாங்கியிருக்கிறார். மகன் மூன்று வாரம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான். தவணை நிற்கவில்லை. "இதுவும் ஸ்கூல் ஃபீஸ் மாதிரிதானே, நீங்க கட்டலாமே" என்று கேட்டார். மற்றது, கரும்புக்கடையைச் சேர்ந்த ஒரு சகோதரியுடையது. எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, கைக்குழந்தையுடன் வீட்டில் இருக்கிறார். வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பாடம் நடத்தலாம் என்கிறார்களே, அது நிஜமான வேலைதானா, அதற்கு லேப்டாப் வாங்க உதவ முடியுமா என்பது அவர் கேள்வி.

இருவருக்கும் நேரில் பதில் சொன்னோம். ஆனால் இதே கேள்விகள் நம் மஹல்லாக்களில் இன்னும் பல வீடுகளில் இருப்பதால், கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

2020இல் நாம் பார்த்தது

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கிட்டத்தட்ட 19 மாதங்கள். இரண்டாம் வகுப்பில் பையைத் தூக்கி வைத்த பிள்ளை நான்காம் வகுப்பில்தான் மறுபடி பள்ளிக்குப் போனது.

அந்த நாட்களில் பாடம் கிடைக்காமல் இல்லை. 2019 ஆகஸ்ட்டில் அரசு தொடங்கியிருந்த கல்வி தொலைக்காட்சியில் வகுப்புவாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. தனியார் பள்ளிகள் வாட்ஸ்அப்பிலும் ஜூமிலும் நடத்தின. ஆனால் நம் வீடுகளில் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அதை அத்தா காலையில் பட்டறைக்கோ கடைக்கோ எடுத்துப் போய்விடுவார். ஆசிரியர் காலை பத்து மணிக்கு அனுப்பிய பாடத்தைப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு, பாதித் தூக்கத்தில் பார்க்கும். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் போன் முதலில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு, பிறகு பையனுக்கு. கடைசியில்தான் பெண்பிள்ளைக்கு. இதை எழுத நமக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அதன் விளைவு கணக்கெடுப்பிலும் தெரிந்தது. கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கும் ஏசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 10.2 சதவீதம். 2022இல் அது 4.8 சதவீதமாக இறங்கியது. 2018 நிலையே ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அரசு இதற்குத் தேடிய பரிகாரம் இன்னொரு செயலி அல்ல, மனிதர்கள். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அந்தந்தத் தெருவில் வசிக்கும் படித்தவர்களே மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டோடு இருந்த பெண்கள் ஒரு திண்ணையையோ மொட்டை மாடியையோ வகுப்பறையாக்கிவிட்டார்கள். வீடியோவில் ஏறாத கூட்டல் கழித்தல், பக்கத்து வீட்டு அக்கா புளியங்கொட்டையை வைத்துச் சொல்லிக்கொடுத்ததும் ஏறியது.

பாடம் கிடைப்பது வேறு, படிப்பு ஏறுவது வேறு. இனிச் சொல்வதையெல்லாம் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தவணையில் வாங்கும் பாடம்

இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கத்துக்குப் பைஜூஸ் நிறுவனத்தின் கதையே போதும். கேரளத்துக் கண்ணூர்ப் பக்கம் அழீக்கோட்டைச் சேர்ந்த பைஜு ரவீந்திரன் 2011இல் தொடங்கியது. 2015இல் செயலி வந்தது. கொரோனா காலத்தில் விற்பனை பறந்தது. 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே 2022 அக்டோபரில் சுமார் 2,500 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. இன்னொரு பக்கம், யூடியூபில் பாடம் நடத்திப் பெயர்பெற்ற பிசிக்ஸ்வாலா நிறுவனம் 2022 முதல் ஊர் ஊராக நேரடி வகுப்பு மையங்களைத் திறந்தது. ஆன்லைனில் பிறந்த நிறுவனமே பெஞ்சு போட்டு வகுப்பு நடத்த வந்தது ஏன் என்று பெற்றோர் யோசிக்க வேண்டும்.

தவணை விஷயத்துக்கு வருவோம். "வட்டி இல்லாத தவணை" என்று விற்பனையாளர் சொல்வார். நடப்பது என்னவென்றால், ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் பாட நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நாம் கடன்பட்டிருப்பது அந்த நிதி நிறுவனத்துக்கு. பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும், பாட நிறுவனமே மூடிவிட்டாலும், கடன் ஒப்பந்தம் தனியாக நிற்கும். ஒரு ரூபாய் வட்டி கூட வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் குடும்பங்கள், போனில் வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொன்ன ஒரே காரணத்தால் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களாகிவிடுகின்றன. இலவசம் என்று தொடங்கித் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடுகள் குறித்து மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்திருக்கிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வங்கியில் தானியங்கிப் பற்றை மட்டும் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். கடன் அப்படியே இருக்கும், சிபில் மதிப்பெண்ணும் கெடும். பாட நிறுவனத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் எழுத்தில் ரத்துக் கடிதம் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, ஒப்பந்தத்தில் குறித்துள்ள முதல் சில நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகிக்கொள்ளவும் வழி உண்டு.

காசு கொடுப்பதற்கு முன், காசில்லாமல் இருப்பதைப் பார்த்தீர்களா என்பதுதான் நாம் முதலில் கேட்கும் கேள்வி. 2018இல் வந்த புதிய பாடநூல்கள் முதற்கொண்டு பக்கங்களில் கியூ.ஆர். குறியீடு இருக்கிறது. அதைப் போனில் காட்டினால் பாடத்தின் காணொளி வரும். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல்., மத்திய அரசின் ஸ்வயம் ஆகியவை இருக்கின்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம், பாடம் கேட்க இல்லை. நம் வீடுகளில் பலர் இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஏதோ விலைச்சீட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே பட்டம்

பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்பிள்ளைகளுக்கும், குடும்பத்துக்காக வேலைக்குப் போய்விட்ட பையன்களுக்கும் இது உண்மையிலேயே புதிய கதவு. சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனில் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். பாடம் வீட்டில், தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் போய். குடும்ப வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகையும் இருக்கிறது. அதற்கு மாநிலத்தில் வாங்கிய பி.சி.எம். சான்றிதழ் போதாது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் தனியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எளிதான படிப்பு என்று நினைத்துச் சேர வேண்டாம். கணிதம் கடுமை, பாதியில் நிற்பவர்களும் உண்டு.

மற்ற பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் பட்டங்களும் யு.ஜி.சி. அனுமதி இருந்தால் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. நம் எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகமும் இப்படிச் சில பட்டங்களை நடத்துகிறது. சேரும் முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும், அந்தப் படிப்பின் பெயரும், அந்த ஆண்டும் இருக்கின்றனவா என்று மூன்றையும் பாருங்கள். 2024 முதல் மாணவர் தாமே டெப் ஐ.டி. எண் எடுத்துத்தான் சேர முடியும். அது தேவையில்லை என்று ஒரு ஏஜெண்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "வீட்டிலிருந்தே பி.எட்." என்ற விளம்பரத்தை நம்பவே வேண்டாம். ஆசிரியர் பயிற்சிக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் வேண்டும்.

பாடம் நடத்துபவர்களின் நிலை

கொரோனாவில் பிள்ளைகளைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஆசிரியர்களைப் பற்றி நாம் பேசவில்லை. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் முதற்கட்டமாகக் கட்டணத்தில் 40 சதவீதத்தை வசூலிக்கலாம் என்றது. அதையும் பல பெற்றோரால் கட்ட முடியவில்லை. சிறு பள்ளிகளில் சம்பளம் பாதியானது, சில இடங்களில் நின்றே போனது. நமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார். திரும்பவும் வகுப்பறைக்கு வரவில்லை.

அதே காலத்தில்தான் இன்னொரு வழியும் திறந்தது. கரும்புக்கடைச் சகோதரி கேட்டது அதைத்தான். ஆம், அது நிஜமான வேலைதான். ஆனால் எல்லாம் ஒரே வேலை இல்லை. பெரிய நிறுவனங்களில் ஒரே ஆசிரியர் லட்சம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். அவருக்குச் சினிமா நடிகர் போலச் சம்பளம், மற்ற நூற்றுக்கணக்கானவர்கள் சந்தேகம் தீர்க்க உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. பி.எஃப். இல்லை, பிரசவ விடுப்பு இல்லை, பிள்ளைகள் குறைந்தால் வேலையும் இல்லை. நாம் பரிந்துரைப்பது, நாலைந்து பிள்ளைகளைத் தாமே சேர்த்துக்கொண்டு நடத்துவது.

வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க் குடும்பங்கள் தமிழ் தெரிந்த ஆசிரியரைத் தேடுகின்றன. அங்கே பெரும்பாலான இந்தியப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் என்பதால், மாநிலப் பாடத்திட்டத்தில் பழகியவர்கள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். சவூதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே இரவு ஏழரை. குழந்தையைத் தூங்கவைத்த பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும். அரபுக் கல்லூரியில் படித்த ஆலிமாக்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. லண்டனில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் தஜ்வீதோடு ஓதிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து மணி நமக்கு இரவு பத்தரை என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

தொடங்க லேப்டாப் தேவையில்லை. பழைய போன் ஒன்றை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்து, நோட்டில் எழுதுவதைக் காட்டினால் அதுவே கரும்பலகை. முகம் காட்ட விரும்பாத சகோதரிகளுக்கும் இது வசதி. கட்டணத்தை மாத முதலில் வாங்குங்கள். சின்னப் பிள்ளை என்றால் வகுப்பு நேரத்தில் தாயோ தந்தையோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். "ஆன்லைன் டீச்சர் வேலை, பதிவுக் கட்டணம் இரண்டாயிரம்" என்று வருபவை மோசடி. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

இதை நம்பி டெட் தேர்வை விட்டுவிட வேண்டாம். பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் 2 ஆண்டுகளுக்குள் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. நம் சமுதாயப் பள்ளிகளில் வேலை செய்வோர் அந்த முடிவுக்காகக் காத்திராமல் படிக்கத் தொடங்குவதே நல்லது.

ஆசிரியர் வேலையே போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு நமது எண்ணம் இது: நோட்ஸ் சொல்லி எழுதவைப்பது மட்டுமே வேலையாக வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து உண்டு. அதை யூடியூப் இலவசமாகச் செய்கிறது. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பவருக்கு முன்னைவிடத் தேவை கூடியிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். மக்தப் முடிந்ததும் பூட்டிக்கிடக்கும் ஹாலும் இருக்கிறது. ஒரு டி.வி.யும் வைஃபையும் போட்டு, மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் காணொளியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மீதி நேரம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், தவணையில் பாடம் வாங்கும் நிலை வராது. உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதையும் "சவாப்" கணக்கில் தள்ளிவிடக் கூடாது என்று ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்டுக்கொள்கிறோம்.

கரும்புக்கடைச் சகோதரி இப்போது தம்மாமில் இருக்கும் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறார். லேப்டாப் இன்னும் வாங்கவில்லை. இரும்புக் கடைக்காரரின் தவணையை நாம் கட்டவில்லை. ரத்துக் கடிதம் எழுதிக்கொடுத்தோம், நிதி நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை. பையன் மாலையில் நம் ஹாலுக்கு வருகிறான். பின்னக் கணக்கில் இருக்கிறான்.