ஒரு கம்பிக்கு இரு பெயர்: மின்சுற்று வரைபட மென்பொருளின் எச்சரிக்கைகள்

மின்சுற்று வரைபட மென்பொருளைப் பயிலத் தொடங்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், முதற்படத்தை முடித்துச் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் எச்சரிக்கைகள் வரிசையாய் எழக் கண்டு திகைப்பது இயல்பு. அவற்றுள் பெயர் பற்றிய எச்சரிக்கைகள் குழப்பம் மிகுந்தவை. படம் சரியாக இருக்கும்போதும் அவை எழுவதுண்டு. அவற்றைக் கையாளும் முறையை இங்கு விளக்க முற்படுகிறோம். எடுத்துக்காட்டுக்கு, 1992ஆம் ஆண்டு பிரான்சில் தொடங்கப்பெற்று இன்று விலையின்றிக் கிடைக்கும் கீகேட் மென்பொருளைக் கொள்கிறோம்.

கம்பியால் தம்முள் இணைந்த முனைகள் அனைத்தும் சேர்ந்ததைக் கணு என்போம். ஒரு தாளில் ஒரே பெயர்ச்சீட்டை இரண்டு இடங்களில் ஒட்டினால், இடையே கோடு வரையாமலே அவ்விரண்டும் ஒரு கணுவாகிவிடும். கம்பியின் வேலையை இங்குப் பெயரே செய்கிறது.

நிகண்டு நூலார் ஒரு பொருள் குறித்த பல சொற்களைத் தனியாகவும், பல பொருள் குறித்த ஒரு சொல்லைத் தனியாகவும் தொகுத்தனர். அப்பாகுபாடு இங்கும் பொருந்தும். ஒரு கணுவுக்கு இரு பெயர் இருந்தால் மென்பொருள் எச்சரிக்கும். இரண்டில் ஒன்றையே பலகைக்கு அனுப்புவதாகவும் அறிவிக்கும். வெவ்வேறாய் இருக்கவேண்டிய இரு கணுக்களுக்கு நாம் தவறி ஒரே பெயரை இட்டாலோ, அவற்றை இணைத்துவிட்டு அப்பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பின்னதே பெருங்கேடு என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு முதலிலேயே உணர்த்துதல் நலம்.

இரு பெயர் எப்படி வருகிறது? நுண்கட்டுப்படுத்தி ஒன்றையும் ஜிபிஎஸ் கருவி ஒன்றையும் இணைக்கிறோம். முன்னதன் அனுப்பு முனையிலிருந்து செல்லும் கம்பி பின்னதன் பெறு முனையில் சேர்கிறது. ஒரு பக்கம் ‘டிஎக்ஸ்’ என்றும் மறுபக்கம் ‘ஆர்எக்ஸ்’ என்றும் எழுதினால் இரண்டும் உண்மையே. ஒருவரே ஒரு வீட்டில் மாமாவாகவும் மற்றொரு வீட்டில் சித்தப்பாவாகவும் இருப்பதைப் போல. எனினும் எச்சரிக்கை எழும். இதற்கு மருந்து எளிது. யார் பார்வையில் பெயரிடுவது என முதலில் முடிவு செய்து, ‘ஜிபிஎஸ்_ஆர்எக்ஸ்’ என்பது போன்ற ஒரே பெயரை இரு முனையிலும் எழுதலாம். முனையின் சொந்தப் பெயர் உறுப்பின் குறியீட்டிலேயே இருப்பதால் எதையும் இழப்பதில்லை.

இரு பெயரும் நிலைத்தே ஆகவேண்டிய இடமும் உண்டு. ஒப்புமைச் சுற்றின் தரையையும் இலக்கச் சுற்றின் தரையையும் தனித்தனியே ஓடவிட்டு ஓரிடத்தில் மட்டும் சேர்ப்பர். அங்கு வெறுங்கோடு இட்டால் ஒரு பெயர் மறைந்து, தரைகள் இரண்டும் பலகையெங்கும் கலந்துவிடும். இதற்கென்றே கணுப்பிணைப்பு என்னும் உறுப்பு நூலகத்தில் உள்ளது. அதனை இடையில் வைத்தால் இரு கணுவும் இரு பெயரோடு நிற்கும்.

எழுத்து வேறுபாட்டால் வரும் எச்சரிக்கை இன்னொரு வகை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு பெயரும் சிறிய எழுத்தில் அதே பெயரும் இருந்தால், கீகேட் அவற்றை வெவ்வேறு கணுவாகவே கொள்ளும். ஆனால் ஐயுற்று எச்சரிக்கும். தமிழெழுத்தில் இவ்வேறுபாடு இல்லை என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்! இவ்வெச்சரிக்கை பெரும்பாலும் மெய்யான பிழையையே காட்டுகிறது.

தொல்லை தாளாமல் ‘இரு பெயர்’ என்னும் எச்சரிக்கை வகையையே புறக்கணி என்று அமைத்துவிடுவது பலரும் செய்வது. அது நமக்கு உடன்பாடன்று. 5 வோல்ட் கம்பி தவறிப்போய் 3.3 வோல்ட் கம்பியைத் தொட்டாலும் இதே எச்சரிக்கைதான், இதே சொற்களில் வரும். ஈஎஸ்பி32 சில்லு தாங்கும் மின்னழுத்தம் 3.6 வோல்ட் வரையே; பலகை செய்து வந்த பின் பிழை தெரிந்தால் சில்லு மிஞ்சாது. ஆகவே வகையை அடக்காமல், ஆராய்ந்து தெளிந்த அந்த ஓரிடத்தை மட்டும் விலக்குதல் வேண்டும். பட்டியலில் அவ்வரியை வலச்சொடுக்கினால் அதற்கு வழி உண்டு. விலக்கியதன் காரணத்தைப் படத்திலேயே அருகில் ஒரு வரியாய் எழுதிவைத்தால், அடுத்த பருவத்தில் அதே படத்தை எடுக்கும் மாணவர் மறுபடியும் ஆராய வேண்டியிராது.