பாவை முகத்தில் பிறந்த எழுத்து

எழுத்துச் சிற்பிகள் – 7

ஓஹியோ மாகாணத்தில் 1880-ல் பிறந்து, சிகாகோவின் சித்திரப் பள்ளியில் பிரெடரிக் கௌடியிடம் எழுத்து வரையப் பயின்ற வில்லியம் அடிசன் டிவிக்கின்ஸ், 1904-ல் ஆசிரியரைப் பின்தொடர்ந்து மாஸசூஸெட்ஸின் ஹிங்ஹம் என்னும் கடலோரச் சிற்றூருக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். கௌடி சீக்கிரமே நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார். சீடரோ ஹிங்ஹமையே தம் ஊராக்கிக்கொண்டார்.

ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகத்தில் சிறிது காலம் பொறுப்பு வகித்தது நீங்கலாக, எவரிடமும் நிரந்தரமாகச் சம்பளத்துக்கு அமராமல், அச்சகத்தாருக்கும் காகித வியாபாரிகளுக்கும் விளம்பரச் சித்திரங்கள் வரைந்து கொடுத்து ஜீவனம் நடத்திய அவருக்கு, பேனா வரைவதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் அதே லாகவத்துடன் ஓடிற்று. அக்காலத்துப் புத்தகங்களின் அச்சு அலங்கோலத்தைப் பொறுக்கமாட்டாமல், இல்லாத ஒரு சங்கத்தின் பெயரால், விசாரணை அறிக்கை போலவே புள்ளிக்கோட்டுப் படம் சகிதம் 1919-ல் அவர் வெளியிட்ட பரிகாசப் பிரசுரம் பதிப்பாளர்களைச் சுருக்கென்று தைத்தது. (ஹெர்மன் ப்யூட்டர்ஷைன் என்று ஒரு கற்பனைப் பண்டிதரைப் படைத்து, தாம் சொல்லக் கூசியவற்றை அவர் வாயிலாகச் சொல்லும் வழக்கமும் அவருக்கு உண்டு.)

1920-களின் தொடக்கத்தில் நீரிழிவு நோய் கண்டது. இன்சுலின் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. எஞ்சிய ஆயுள் எவ்வளவென்று நிச்சயமில்லாத மனிதர், பணம் கொழிக்கும் விளம்பர வேலையை விட்டு, சொற்ப வருமானமே தரும் புத்தகக் கலைக்குத் திரும்பினார் என்பதை நான் தியாகமென்று சொல்லமாட்டேன்; அவர் தமக்காகவே செய்துகொண்ட காரியம் அது. ஆல்ஃபிரட் நாஃப் பதிப்பகத்துக்காக நூற்றுக்கணக்கான நூல்களை அவர் வடிவமைத்தது அதன் பின்னர்தான். 1928-ல் வெளிவந்த தமது விளம்பர அமைப்பு நூலில், கொக்கியில்லாத எழுத்துக்களில் உருப்படியான சிற்றெழுத்து இல்லையென்று அவர் குறைகூற, ‘நீரே செய்து காட்டும்’ என்கிற தோரணையில் லைனோடைப் கம்பெனியார் அழைக்கவே, ஐம்பது வயதை நெருங்கும்போது அச்செழுத்து அமைப்பாளரானார். மெட்ரோ, எலக்ட்ரா, காலிடோனியா யாவும் அந்த அழைப்பின் சந்ததி.

ஆனால் அவருடைய உள்ளம் லயித்திருந்தது மரப்பாவைகளில். இளம்பெண்ணொருத்தியின் முகத்தை மழமழவென்று மென்மையாகச் செதுக்கியபோது, அரங்கின் கடைசி வரிசையிலிருந்து பார்க்க, அது ஒன்றும் தெரியாத வெறும் உருண்டையாகிவிட்டது. கன்னத்தையும் தாடையையும் கோணங்கோணமாக உளியால் வெட்டிவிட்டு மறுபடி பார்த்தால், கையில் கரடுமுரடாயிருந்த அதே முகம் தூரத்தில் இளமை குழையத் தோன்றிற்று. இதே உபாயத்தைப் பத்திரிகை எழுத்திலும் பிரயோகித்தால் என்னவென்று அவருக்குத் தோன்றியது. எழுத்தின் வெளிவளைவை வழக்கம்போல் விட்டு, உள்வளைவை மட்டும் கத்தியால் நறுக்கியதுபோல் நேர்கோடுகளாக வரைந்தார். பூதக்கண்ணாடியில் முரடாகத் தெரியும் அந்த வெட்டுக்கள், பத்திரிகையை மடிமேல் விரித்து வாசிப்பவர் கண்ணுக்கு வளைவாகவே குழைந்துவிடும்.

(தொடரும்)