உங்களுக்குத் தெரியுமா? சான்றிதழ் சரிபார்ப்புப் பிழை

ஓபன்எஸ்எஸ்எல் என்னும் பாதுகாப்பு நிரலகம் கொண்டு எழுதிய நிரல் ‘சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று நின்றால், பழுது பெரும்பாலும் குறியாக்கத்தில் இருப்பதில்லை. சர்வர், தன் சான்றிதழை நம்பகமான வேர்ச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை அனுப்பாமல் விட்டிருக்கலாம். பழைய கணினி என்றால், மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கலாம். அப்போது நல்ல சான்றிதழும் ‘இன்னும் அமலுக்கு வரவில்லை’ என்றே தெரியும். அவசரத்தில் சரிபார்ப்பையே அணைத்துவிடுவோர் உண்டு. அதைவிட மோசமான வைத்தியம் இல்லை.

சரிபார்ப்பு யாரை நம்புகிறது என்பதும் முக்கியம். 2014 ஜூலையில், இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் வழியே கூகுள் தளங்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்தது. அவற்றுக்கு மேலிருந்த இந்திய வேர்ச் சான்றிதழை விண்டோஸ் நம்பியது. ஃபயர்ஃபாக்ஸ், தன் நம்பகப் பட்டியலில் அது இல்லாததால் தப்பியது. அனுமதியற்ற சான்றிதழ்களை ஜூலை 2-இல் கூகுள் கண்டறிந்தது. மறுநாளே அந்த இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின.