கொருக்குப்பேட்டைக்கு வந்த புது ஈட்டிக்காரர்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால் அவசரப்பட்டுப் பயனில்லை. கூட்ஸ் வண்டி ஊர்ந்து முடிகிற வரையில் சைக்கிள்காரரும் நிற்க வேண்டும், கார்காரரும் நிற்க வேண்டும். அப்படி ஒரு நாள் காலை நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவரின் சட்டைப் பையில் செல்போன் ஓயாமல் மணியடித்தது. மனிதர் அதைத் தொடவே இல்லை.

"எடுங்களேன்" என்றேன்.

"எடுத்தா திட்டுவான், ஸார்" என்றார் அவர்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே நண்பர் என்றே சொல்லுவோம். வயது நாற்பதுக்கு மேல். கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் பதினோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். ஆள் குறைப்பில் வேலை போய் எட்டு மாதமாகிறது. கையில் மிச்சம், இரண்டு கிரெடிட் கார்டுகளும் அவற்றின் பாக்கியும்தான். டாம்பீகச் செலவு என்று ஒன்றும் கிடையாது. பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளம், மளிகை, தாயாரின் கண் ஆபரேஷன், அவ்வளவுதான்.

அந்தத் தாயாரையும் வீட்டில் பார்த்தேன். அவருடைய கணவர் பின்னி மில் தொழிலாளி. 1996-ல் மில் மூடப்பட்டதோடு அந்தக் குடும்பத்தின் நல்ல காலம் முடிந்தது. "சம்பளத்தன்னிக்கு மில் வாசல்லே ஈட்டிக்காரன் தடியோட நிப்பான். உங்கப்பா வேற வழியா வீட்டுக்கு வருவாரு" என்று மகனைப் பார்த்துச் சொன்னார் கிழவி. "இப்போ வேற வழியே இல்லேடா. அவன் உன் சட்டைப் பையிலேயே இல்லே உக்காந்திருக்கான்!"

நண்பரின் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு கார்டில் பாக்கி 50,000 ரூபாய். வட்டி மாதம் மூன்றரை சதவிகிதம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். வருஷத்துக்கு 42 சதவிகிதம் ஆகிறது. கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை 2,500 ரூபாய். அதில் வட்டிக்கு 1,750, வட்டியின்மேல் ஜி.எஸ்.டி. 315. மிஞ்சுகிற 435 ரூபாய்தான் அசலில் கழியும். வேலை போன பிறகும் நண்பர் நாலு மாதம் இதைக் கட்டினார், அதுவும் மனைவியின் வளையலை அடகு வைத்து! 'குறைந்தபட்சத் தொகை' என்று பெயர் வைத்தவர் மகா கெட்டிக்காரர்.

இத்தனை வட்டிக்குத் தடை இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். 30 சதவிகிதத்துக்கு மேல் போவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்துச் செய்துவிட்டது. வட்டி விஷயத்தைக் கவனிக்க வேண்டியது ரிசர்வ் பாங்கிதான் என்றாகிவிட்டது.

வட்டியைவிட நண்பரை அதிகம் வாட்டியது பயம். "நாளைக்கு வாரண்டோட போலீஸ் வரும்" என்று வசூல்காரர் ஒருவர் மிரட்டியிருக்கிறார். அன்று இரவு வீட்டில் ஒருவரும் தூங்கவில்லையாம். மோசடி ஏதும் செய்யாதவன், வருமானம் நின்றதால் கார்டுப் பாக்கியைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். போலீஸ் வேலை அல்ல. சிவில் கோர்ட்டில் டிக்ரி வாங்கிய பிறகுகூட, வெறும் ஏழ்மைக்காக ஒருவனைச் சிறையில் தள்ளக்கூடாது என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1980-லேயே சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் கதை வேறு. அது குற்ற வழக்கு. ஆகையால் மிரட்டலுக்குப் பயந்து செக்கில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வசூல்காரர்களுக்கும் கடிவாளம் உண்டு. காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை ஏழு மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது, ஏசக்கூடாது, உற்றார் உறவினர் நடுவே மானத்தை வாங்கக்கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2022 ஆகஸ்டில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் பாங்கிக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் சரியான பதில் இல்லையானால் ரிசர்வ் பாங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தம்பிடி செலவில்லை.

பழைய பாக்கி என்றால் இன்னொரு சங்கதியும் தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய கடனுக்கு வழக்குப் போட 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி சாதாரணமாக மூன்று வருஷந்தான் கெடு. கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, கையெழுத்தோடு கொஞ்சம் பணம் கட்டினாலோ, அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம் ஆரம்பமாகிறது. "ஐந்நூறு ரூபாயாவது கட்டுங்களேன்" என்ற தேன்மொழிக்கு இதுவும் ஒரு காரணம். வாங்கிய கடனை ஏமாற்ற வழி சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கெடு தாண்டினாலும் கடன் கடன்தான். கிரெடிட் ரிப்போர்ட்டில் அது கறையாக நிற்கும். அந்த ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகவே கேட்டு வாங்கலாம். நண்பர் வாங்கிப் பார்த்தார். எப்போதோ தீர்த்த பழைய கடன் ஒன்று இன்னும் பாக்கி என்று அதில் இருந்தது!

பாங்கிகள் சமரசத்துக்கு வருவதுண்டு. கொள்கை வகுத்துக்கொண்டு கடனைச் சமரசமாக முடிக்க 2023 ஜூனில் ரிசர்வ் பாங்கி விதிகள் வகுத்திருக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்டலாகாது. தொகையும் தேதியும் போட்டுப் பாங்கியின் கடிதம் முதலில் கைக்கு வர வேண்டும். பணம் பாங்கியின் கணக்குக்கே போக வேண்டும், வசூல்காரர் கைக்கு அல்ல. கடைசியில் பாக்கியில்லை என்ற சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி முடித்த கடன் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்றுதான் ஏறும். புதுக் கடன் கிடைப்பது கொஞ்ச காலம் கஷ்டம். நண்பருக்கு அதனால் நஷ்டமில்லை என்பது என் அபிப்பிராயம். அவருக்கு வேண்டியது வேலை, இன்னொரு கார்டு அல்ல.

கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால் மட்டும் பெட்டிக்கடியில் ஒளிக்கக்கூடாது. பெண்கள், தொழிலாளர்கள், குறைந்த வருமானமுள்ளவர்கள் முதலியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் ஆபீஸ் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

அன்று சாயங்காலம் நண்பரும் அவர் மனைவியும் உட்கார்ந்து இரண்டு பாங்கிகளுக்கும் கடிதம் எழுதினார்கள். வேலை போன தேதி, வீட்டு வாடகை, அரிசி பருப்புச் செலவு, மாதம் இவ்வளவுதான் முடியும் என்ற விவரம், எல்லாம் ஒரே பக்கத்தில். வேலை நீக்க உத்தரவின் நகலையும் மறக்காமல் சேர்த்தார் அந்த அம்மாள். மறுநாள் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்களாம்.

கடிதத்தை உறையிலிட்டபோது செல்போன் மணியடித்தது. இந்தத் தடவை நண்பர் எடுத்தார். "கடிதம் போடுகிறேன், எழுத்தில் பதில் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். பிறகு பெண்ணின் பள்ளிக்கூட நோட்டை இழுத்துக் கடைசிப் பக்கத்தில் தேதியையும், மணி 7-40 என்பதையும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.