பெயரும் கட்டமும்

மென்பொருளின் உள்ளே நிகழும் கணக்கை வணிகர் காண்பதில்லை. திரையில் தோன்றும் பட்டியல், நிரப்ப வேண்டிய கட்டங்கள், அழுத்த வேண்டிய பொத்தான்கள் ஆகியவற்றையே காண்கின்றனர். மனிதர்க்கும் பொறிக்கும் நடுவே நிற்கும் இதனை 'இடைமுகம்' என்பர். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைத் தொகுத்து வைக்கும் தொடர்பு மென்பொருள்களில் இவ்விடைமுகம் மீண்டும் மீண்டும் திருத்தியமைக்கப்படுகிறது.

அவற்றின் முன்னோடிகளுள் ஒன்றாகிய 'ஆக்ட்' 1987-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மேசைமேல் அடுக்கி வைத்த பெயரட்டைகளின் பணியைக் கணினி ஏற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம் சிறுவணிகர்க்கென 'பிகின்' என்னும் மென்பொருளை 2020-இல் வெளியிட்டது. ஒவ்வொரு விற்பனையும் எந்நிலையில் உள்ளது என்பதைப் பத்தி பத்தியாகக் காட்டும் பக்கமே அதில் முதன்மை பெற்றது.

பக்கங்களைக் குறைப்பதும் பொத்தான்களை இடம் மாற்றுவதும் பயனுடையனவே. ஆயின், அவற்றினும் அடிப்படையானது பெயர்க் கட்டம்.

ரிங்லெட்டின் பெயர்ப்பட்டியல்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குத் தாப்பா வழியாக ஏறுவோர் முதலில் அடையும் நகரம் ரிங்லெட். 1929-இல் தொடங்கப்பெற்ற 'போ' நிறுவனத்தின் தேயிலைத் தோட்டம் இதன் அருகில் உள்ளது. இங்குக் காய்கறியோ தேயிலையோ விற்கும் ஒருவரின் பட்டியலில் மூன்று பெயர் மரபுகள் சந்திக்கின்றன. சீனர் பெயரில் குடிப்பெயர் முன்னே நிற்கும். மலாய்க்காரர் பெயரில் பொதுவாகக் குடிப்பெயர் இல்லை. 'பின்', 'பிந்தி' என்னும் சொற்களை அடுத்துத் தந்தை பெயர் வரும். தமிழர் பெயரில் 'மகன்', 'மகள்' எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களின் குறுக்கமாகிய 'ஏ/எல்', 'ஏ/பி' என்பவற்றை அடுத்துத் தந்தை பெயர் வரும்.

மேனாட்டு வழக்கையொட்டி 'முதற்பெயர்', 'கடைசிப்பெயர்' என இரு கட்டங்களே இருப்பின் விளைவு யாது? முனியாண்டி மகள் தேவகி என ஒரு வாடிக்கையாளரைக் கொள்க. 'முனியாண்டி' கடைசிப்பெயராகிவிடும். பொறி தானே எழுதும் மடல் 'முனியாண்டி அவர்களுக்கு' எனத் தொடங்கும். மகளுக்குரிய மடல் தந்தையை விளிக்கும். தந்தை காலமானவராயின் அது வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தும். சாய்கோட்டை ஏற்காத கட்டமாயின், 'ஏ/பி' என்பது 'ஏபி' எனப் பெயரோடு ஒட்டிப் பொருளற்றதாகும்.

தமிழ்ப் பெயரின் அமைப்பு

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் சங்கப் புலவர் பெயரில் ஊர், தந்தை, இயற்பெயர் என மூன்றும் முறையே நிற்கின்றன. 'ஏ/எல்' செய்யும் வேலையை அங்கு 'மகனார்' செய்கிறது. ஆனால் நக்கீரர்க்கு இயற்பெயர் இறுதியில் உள்ளது. மலேசிய அடையாள அட்டையிலோ அது முதலில் உள்ளது. துன் வீ. தி. சம்பந்தன் பெயரில் 'வீ' என்பது தந்தை வீராசாமியைக் குறிக்கும். 'தி' என்பதோ பிறிதொருவரைக் குறிப்பதன்று, திருஞானசம்பந்தன் என்னும் அவர்தம் பெயரின் முற்பகுதியே. ஆதலின், பெயரின் எப்பகுதி எதனைக் குறிக்கும் என்பதை அது நிற்கும் இடத்தைக் கொண்டு அறிதல் இயலாது. தொல்காப்பியரும் பெயரியலில் நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர் எனப் பொருள்பற்றியே வகுத்தார்.

திருத்தும் வழி

தொடர்பு விவரங்களை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப் பயன்படும் 'விகார்டு' முறையின் வரலாறு இதற்கு வழிகாட்டும். 1998-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, முழுப்பெயரோடு பகுத்த பெயரையும் கட்டாயமாக்கியது. 2011-இல் வந்த நான்காம் பதிப்பு முழுப்பெயரை மட்டுமே கட்டாயமாக்கி, பகுப்பதை விருப்பத்திற்கு விட்டது.

இடைமுகத்தைத் திருத்துவோர் பின்பற்றத்தக்கது இதுவே. முழுப்பெயரை உள்ளவாறே ஏற்க ஒரு கட்டம், 'எவ்வாறு அழைப்பது?' என வினவ மற்றொரு கட்டம். இவ்விரண்டும் மூன்று மரபினர்க்கும் பொருந்தும். பழைய பட்டியலைப் பொறியே பகுத்து மாற்றுமாறு விடாது, ஆட்களை அறிந்த ஒருவர் படித்துப் பார்த்தல் நன்று.

ரிங்லெட் கடைக்காரர் தம் வாடிக்கையாளரை நேரில் கண்டால் பெயர் தவறி அழைப்பதில்லை. அவர் அறிந்ததை அவர் கைக்கருவியும் அறியுமாறு கட்டம் அமைதல் வேண்டும்.